டெரிக் அண்டர்வுட் நினைவாக ஒரு சாயுங்காலம்: திடலில் எதைச் செய்து காட்டலாம்?

சிப்புட் திடல் கேட்டது:

வணக்கம். கெண்ட் கவுன்டிக்கும் இங்கிலாந்துக்கும் ஆடிய இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர் டெரிக் அண்டர்வுட் 2024 ஏப்ரல் 15-ஆம் தேதி, 78 வயதில் காலமானார். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத் திடலில் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளில் சிலர் இடக்கைச் சுழல் போடுகிறவர்கள். அவர்களை வைத்து அவர் நினைவாக ஒரு சாயுங்காலம் ஏற்பாடு செய்கிறோம். படத்துக்கு மாலை போட்டு, ஒரு நிமிடம் எழுந்து நின்று, தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுவதோடு முடியக் கூடாது. அந்த மனிதர் பந்தை வைத்து என்ன செய்தார் என்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்க வேண்டும்.

மூன்று விஷயம் தெரிய வேண்டும். அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் "மழை பெய்தால் அவர் பந்தை யாராலும் ஆட முடியாது" என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். அது எவ்வளவு தூரம் சரி? அவர் போட்ட விதத்தை 14, 15 வயதுப் பையன்களுக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது? ஈரக் களத்தில் பந்து என்ன செய்யும் என்பதை நேரில் காட்ட வழி உண்டா? எங்களிடம் இருப்பது சிமிண்டுத் தளத்தின் மேல் மேட்டிங் விரிப்பு. பக்கத்தில் வெறும் செம்மண் தரை உண்டு. கையால் தள்ளும் சிறிய உருளை ஒன்று இருக்கிறது. இப்போது தினமும் நாலு மணிக்கு மேல் மழை கட்டிக்கொண்டு வருகிறது.

ஸ்கோர்புக் பதில்:

அண்ணே, முதல் கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன்.

மழைக் கதை பொய் இல்லை, ஆனால் பாதிக் கதை. அதைச் சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டும், ஏனென்றால் 1968 ஓவல் டெஸ்ட்டைப் போன்ற ஒரு கடைசி நாள் கிரிக்கெட்டில் அபூர்வம். ஆஸ்திரேலியாவுக்கு இலக்கு 352. கடைசி நாள் மதியச் சாப்பாட்டுக்குள் ஐந்து விக்கெட் போய்விட்டது. அந்த இடைவேளையில் இடியோடு மழை கொட்டி, திடல் குளமாகிவிட்டது. வெயில் திரும்பியதும் பார்க்க வந்திருந்த ஜனங்களே துடைப்பமும் துணியுமாக இறங்கி, திடல் ஊழியர்களோடு சேர்ந்து தண்ணீரை வாரி வெளியேற்றினார்கள். மறுபடி ஆட்டம் தொடங்கியபோது மிச்சம் 75 நிமிடம்.

பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்ல வேண்டியது இனிமேல்தான் வருகிறது. ஆட்டம் தொடங்கிய உடனே அண்டர்வுட் விக்கெட்டுகளைச் சாய்த்துவிடவில்லை. அரை மணி நேரத்துக்கும் மேல் ஒன்றும் நடக்கவில்லை. களம் அளவுக்கு மீறி ஈரமாக இருந்தது. ஆஸ்திரேலியாவின் இன்வராரிட்டியும் ஜார்மனும் நின்று தடுத்துக்கொண்டே இருந்தார்கள். இங்கிலாந்தின் பேசில் டொலிவெரா ஜார்மனை போல்டாக்கித்தான் அந்த ஜோடி பிரிந்தது. அதற்குள் மேல்மண் காயத் தொடங்கிவிட்டது. அடுத்த 27 பந்துகளில் அண்டர்வுட் நான்கு விக்கெட் எடுத்தார். கடைசியாக, தொடக்க ஆட்டக்காரராக இறங்கி 56 ரன் எடுத்திருந்த இன்வராரிட்டி எல்பிடபிள்யூ. ஆறு நிமிடம்தான் பாக்கி. ஆஸ்திரேலியா 125-க்கு எல்லாரும் அவுட். அண்டர்வுட்டின் கணக்கு 31.3 ஓவர், அதில் ரன்னே கொடுக்காத மெய்டன் 19, 50 ரன், 7 விக்கெட். அந்தக் கடைசிப் பந்தின் புகைப்படத்தில் இங்கிலாந்தின் பதினொரு பேரும் ஒரே சட்டத்துக்குள் தெரிவார்கள். பெரிதாக அச்சடித்து மாட்டுங்கள். இன்வராரிட்டியின் காலைச் சுற்றி எங்கெங்கே ஆள் நிற்கிறார்கள் என்று பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள்.

களம் கை கொடுத்த மற்ற இரண்டைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1972-இல் ஹெடிங்லியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 10 விக்கெட், 82 ரன். 1974-இல் லார்ட்ஸில் பாகிஸ்தானுக்கு எதிராக முதல் இன்னிங்ஸில் 20 ரன்னுக்கு 5 விக்கெட், இரண்டாவதில் 51 ரன்னுக்கு 8. லார்ட்ஸில் மூடியிருந்த தார்ப்பாய்க்கு அடியிலேயே தண்ணீர் புகுந்துவிட்டது. பாகிஸ்தான் அணி முறையாக எதிர்ப்புத் தெரிவித்தது, அவர்கள் பக்கம் நியாயமும் இருந்தது. கடைசி நாள் முழுவதும் மழையில் போய், ஆட்டம் முடிவில்லாமல் நின்றது.

இனி மறுபாதி. 1976-77-இல் டோனி கிரேக் தலைமையில் இங்கிலாந்து இந்தியாவுக்குப் போய்த் தொடரை 3-1 என்று வென்றது. அந்த ஐந்து டெஸ்ட்டில் அண்டர்வுட் எடுத்தது 29 விக்கெட், சராசரி 17.55. சென்னை சேப்பாக்கத்தில் இந்தியா இரண்டாவது இன்னிங்ஸில் 83-க்குச் சுருண்டபோது அவருக்கு 28 ரன்னுக்கு 4 விக்கெட். அது மழைக் களம் இல்லை. சுனில் கவாஸ்கரை டெஸ்ட்டில் 12 தடவை அவுட்டாக்கியிருக்கிறார். கவாஸ்கர் மாதிரி ஆளை ஈரத்தை மட்டும் நம்பி 12 தடவை சாய்க்க முடியாது.

அவருடைய கடைசி டெஸ்ட் நம் ஆட்களுக்கு இன்னும் நெருக்கம். 1982 பிப்ரவரியில் கொழும்பில் இலங்கை ஆடிய முதல் டெஸ்ட் அதுதான். திடல் பாக்கியசோதி சரவணமுத்து பெயரில் உள்ளது, தமிழ் யூனியன் கிளப்பின் சொந்தத் திடல். இலங்கையின் முதல் இன்னிங்ஸில் 28 ரன்னுக்கு 5 விக்கெட், இரண்டாவதில் 3. வயது 36.

படத்துக்குக் கீழே எண்கள் எழுதுவதானால் இவற்றை எழுதுங்கள்: 86 டெஸ்ட், 297 விக்கெட், சராசரி 25.83. முதல்தர ஆட்டங்களில் 2,465 விக்கெட், சராசரி 20.28. 1963-இல் 17 வயதில் கெண்ட்டுக்கு இறங்கி, அந்த முதல் பருவத்திலேயே 100 விக்கெட். 25 வயதில் ஆயிரமாவது விக்கெட். இங்கிலாந்துச் சுழற்பந்துக்காரர்களில் இன்றைக்கும் 297-ஐத் தாண்டியவர் இல்லை. ஆனால் எனக்கு இவற்றைவிடப் பெரிதாகத் தெரிவது வேறொன்று. டெஸ்ட்டில் அவர் போட்ட 21,862 பந்துகளுக்குக் கொடுத்தது ஓவருக்கு 2.10 ரன். உலர்ந்த களம், ஈரக் களம், ஆஸ்திரேலியா, இந்தியா எல்லாம் சேர்த்த கணக்கு அது. மழை எப்போதாவதுதான் அவருக்குக் கை கொடுத்தது. குறி தவறாத கை தினமும் கூடவே இருந்தது. மழை வந்த அன்றைக்கு அதே இடத்தில் பந்து விழுந்துகொண்டே இருந்ததால்தான் எதிரணி தப்ப முடியவில்லை. இந்த ஒன்று பிள்ளைகள் மனத்தில் பதிந்தால் கூட்டம் போட்டதற்குப் பலன் உண்டு.

இடக்கைச் சுழல் பதில்:

ஸ்கோர்புக் ஐயா சொன்னதற்கு மேல், போடும் விதத்தைப் பற்றி நான் சொல்கிறேன்.

முதலில் வேகம். இந்தியாவின் இடக்கைச் சுழல்காரர் பிஷன் சிங் பேடியைப் பார்த்த கண்ணோடு அண்டர்வுட்டைப் பார்த்தால் "இது சுழலா?" என்று தோன்றும். நீளமான ஓட்டம், கிட்டத்தட்ட மிதவேகம், பந்து மேலே எழும்பாமல் தட்டையாக வரும். விரலால் முறுக்கிச் சுழற்றியதைவிட, தையலை வெட்டி இழுத்தது அதிகம். அதனால் அவருடையது பாதிச் சுழல், பாதிக் கட்டர். ஈரக் களத்தில் இந்த வேகம்தான் வித்தியாசத்தை உண்டாக்கியது. அங்கே மெதுவாகப் போடுகிறவரின் பந்து நிறையத் திரும்பும், ஆனால் நிதானமாகத் திரும்பும். ஆட்டக்காரர் பின்காலுக்குப் போய்ப் பார்த்து ஆட நேரம் கிடைக்கும், அல்லது பந்து மட்டையைத் தாண்டியே போய்விடும். அண்டர்வுட்டின் பந்து திரும்பியது கொஞ்சம்தான். ஆனால் மட்டை நகர்வதற்குள் வந்து சேர்ந்துவிடும்.

பிடி இப்படி: சுட்டுவிரலும் நடுவிரலும் தையலுக்கு மேல், கட்டைவிரல் அடியில் தாங்கலாக. இடக்கைக்காரர் பந்தை விடும்போது மணிக்கட்டை இறுக்கமாக வைத்து, விரல்களைப் பந்தின் இடப்பக்கமாகக் கீழே வழித்து இழுக்க வேண்டும். பின்னால் நின்று பார்த்தால் பந்து கடிகார முள்ளுக்கு எதிராகச் சுழலும், வலக்கை ஆட்டக்காரரை விட்டு ஆஃப் பக்கம் விலகும். தையல் நேராக நிற்காமல் பம்பரம் தள்ளாடுகிற மாதிரி ஆடினால், விரல் பக்கவாட்டில் வழுக்குகிறது என்று அர்த்தம். பழைய பந்து ஒன்றில் தையலை ஒட்டி ஒரு பாதிக்கு வெள்ளைச் சாயம் அடித்துக் கொடுங்கள். தள்ளாட்டம் பையனுக்கே தெரிந்துவிடும், வாத்தியார் சொல்ல வேண்டியதில்லை.

இதோடு உள்ளே வருகிற பந்து ஒன்று வேண்டும். அண்டர்வுட்டிடம் அது ரொம்பக் கூர்மை. விரலை வழிக்காமல் பந்துக்கு நேர்பின்னால் வைத்து, தையலை ஃபைன் லெக் பக்கம் கொஞ்சம் சாய்த்து விட வேண்டும். கை, ஓட்டம், வேகம் எதுவும் மாறக் கூடாது. பையன்கள் செய்யும் தப்பு, இந்தப் பந்தை வேகமாகப் போடுவது. வேகம் மாறியதும் ஆட்டக்காரர் கண்டுபிடித்துவிடுவார்.

குறி வைப்பதுதான் அன்றைய சாயுங்காலத்தின் முக்கியமான பகுதி. மேட்டிங்கின் மேல், ஆட்டக்காரர் பக்கத்து ஸ்டம்பிலிருந்து 4.5 மீட்டரில் ஒரு கோடு, 6 மீட்டரில் ஒரு கோடு, சுண்ணக்கட்டியால் போடுங்கள். அகலம், மிடில் ஸ்டம்புக்கு நேரில் தொடங்கி ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே ஒரு சாண் வரை. சின்ன வயதுக்காரர்களுக்கு ஸ்டம்பை நோக்கி இரண்டு அடி நகர்த்திப் போடலாம். மட்டை பிடிக்க ஆள் வேண்டாம். ஒவ்வொருவரும் ஆறு ஓவர், 36 பந்து. கட்டத்துக்குள் விழுந்தால் ஒரு புள்ளி. எண்ணிக்கையை ஓவர் வாரியாக எழுதுங்கள், மொத்தமாக எழுத வேண்டாம். முதல் ஓவரில் ஐந்து, ஆறாவது ஓவரில் இரண்டு என்று இறங்கும் பையன்களுக்குக் கை தெரியும், கால் களைத்துவிடுகிறது. முன்கால் மடங்கி, உடம்பு இடப்பக்கம் சாய்ந்து, பந்து லெக் பக்கம் போக ஆரம்பிக்கும். அதைத் திருத்த ஓட்டத்தை அடியால் அளந்து குறி வையுங்கள். ஓட்டத்தின் அளவு ஒவ்வொரு தடவையும் வேறாக இருந்தால் மற்றதைத் திருத்திப் பயனில்லை.

விக்கெட் கீப்பரை மறந்துவிடாதீர்கள். அண்டர்வுட்டின் விக்கெட்டுகளில் கீப்பர் ஆலன் நாட் (Alan Knott) என்பவருக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த வேகத்துக்கு அவர் ஸ்டம்பை ஒட்டியே நின்று பிடித்தார். அதனால் ஆட்டக்காரர் கிரீஸை விட்டு இறங்கி வர அஞ்சினார். உங்கள் கீப்பரையும் கூடவே நிறுத்திப் பழக்குங்கள். பந்து தரையில் படும் வரை எழக் கூடாது, எழுவது பந்தோடு சேர்ந்து இருக்க வேண்டும்.

மேட்டிங் ஆணி பதில்:

மூன்றாவது கேள்வி என்னுடையது. சிமிண்டின் மேல் விரித்த மேட்டிங்கில் ஈரக் களத்தைக் காட்ட முடியாது, அதை முயற்சி செய்யவே வேண்டாம். நனைந்த விரிப்பில் பந்து வழுக்கிக்கொண்டு போகும், ஓடி வரும் பையன் காலும் வழுக்கும். மண் காய்வதால் உண்டாகும் மாற்றம் அங்கே கிடையாது. விஷயமே களிமண்ணில்தான் இருக்கிறது.

என்ன நடக்கிறது என்றால்: களிமண் தண்ணீரைக் குடித்து இளகும். அந்த நிலையில் பந்து குழைந்த மேல்பரப்பில் சறுக்கிப் போகும், திரும்பாது. ஓவலில் முதல் அரை மணி நேரம் இதுதான். வெயில் பட்டதும் மேலே மெல்லிய தோல் மாதிரி ஒரு படலம் காயும், அடியில் இன்னும் இளக்கமாக இருக்கும். இப்போது பந்து அந்தப் படலத்தைக் கிழித்து, அடிமண்ணில் பிடிமானம் வாங்கி, சட்டென்று திரும்பும். சில பந்து எகிறும், சில நின்று வரும். விழுந்த இடத்தில் சின்னப் பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தின் விளிம்பு காய்ந்து இறுகியதும், அடுத்த பந்து அதில் பட்டால் எங்கே போகும் என்று போட்டவருக்கே தெரியாது. முழுக்கக் காய்ந்துவிட்டால் எல்லாம் அடங்கிவிடும். ஆக, பந்துவீச்சாளருக்குக் கிடைப்பது நடுவில் ஒரு சிறிய நேரம். அந்த நேரத்தில் ஓவருக்கு இரண்டு பந்தை லெக் பக்கம் வீணாக்குகிறவருக்கு மழையால் லாபமில்லை. ஸ்கோர்புக் ஐயா சொன்ன 2.10 இங்கே வந்து நிற்கிறது.

இதைக் காட்ட 22 கஜமும் மண் போட வேண்டியதில்லை. பந்து விழும் இடத்தில் மட்டும் 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலத்தில் ஒரு தளம் போதும். உங்கள் செம்மண் தரையில் இடம் பார்த்து, பந்துவீச்சாளர் ஓடி வரும் பக்கத்தைத் தொடாமல் விடுங்கள். அந்தப் பக்கம் உலர்ந்து கெட்டியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முன்கால் சறுக்கி முட்டியோ கணுக்காலோ போகும்.

சும்மா கிடக்கும் செம்மண் இதற்கு ஆகாது. அதில் சரளை அதிகம், தண்ணீர் இறங்கிவிடும், படலம் கட்டாது. புற்றுமண் கிடைத்தால் முதல் தரம். இல்லாவிட்டால் ஆற்றோரக் களிமண். மண்ணைத் தூளாக்கி, கொசுவலைக் கம்பியை விடக் கொஞ்சம் பெரிய கண்ணுள்ள சல்லடையில் சலியுங்கள். மிளகு அளவுக் கல் இருந்தாலும் பந்து அதில் பட்டுத் தெறிக்கும், பிள்ளைகள் அதைச் சுழல் என்று நினைத்துக்கொள்வார்கள். 5 சென்டிமீட்டர் உயரம் வர வேண்டும். ஆனால் மொத்தத்தையும் ஒரே தடவையில் கொட்டினால் உங்கள் சிறிய உருளையின் பாரம் அடிவரைக்கும் போகாது, மேலே இறுகி அடியில் பொதபொதவென்று நிற்கும். இரண்டு அடுக்காகப் போடுங்கள். அடியில் உள்ள பழைய தரையை முட்கம்பியால் கீறிவிட்டுத் தண்ணீர் தெளித்து முதல் அடுக்கு, உருட்டல், மறுபடி மேலே லேசாகக் கீறல், இரண்டாம் அடுக்கு. கீறாமல் விட்டால் இரண்டாவது நாள் மேல் அடுக்கு அப்பளம் மாதிரி தனியாகக் கழன்று வரும்.

உருட்டும்போது மண் கைக்குள் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், உள்ளங்கையில் ஒட்டக் கூடாது. ஒட்டினால் உருளையிலும் ஒட்டிப் பிய்த்துக்கொண்டு வரும். முடிந்ததும் இரண்டு மூன்று நாள் காய விடுங்கள். மதியத்துக்கு மேல் தார்ப்பாய் போட்டு மூடுங்கள், ஆனால் தார்ப்பாய் மண்ணைத் தொடக் கூடாது. நான்கு பக்கமும் மரக்கட்டை வைத்து உயர்த்தி, சுற்றிலும் ஒரு சாண் ஆழத்தில் வாய்க்கால் வெட்டிவிடுங்கள். லார்ட்ஸில் நடந்தது உங்கள் திடலிலும் நடக்கும். மேலே மூடினால் போதாது, பக்கத்திலிருந்து வரும் தண்ணீருக்கும் வழி சொல்ல வேண்டும்.

நிகழ்ச்சியன்று மழைக்குக் காத்திருக்க வேண்டாம். பூவாளியில் நீங்களே மழை பெய்யுங்கள். 6 சதுர மீட்டருக்கு 30 லிட்டர் ஊற்றினால் 5 மில்லிமீட்டர் மழைக்குச் சமம். அதைப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். வாளியோடு கவிழ்த்தால் மேல்மண் கரைந்து ஓடிவிடும். காலை 10 மணிக்கு ஊற்றினால் வெயில் நேரம் முழுக்கக் கையில் இருக்கும், நாலு மணி மழைக்கு முன்னால் முடித்துவிடலாம். அதனால் சாயுங்காலக் கூட்டத்தைக் காலைக் கூட்டமாக மாற்றினால் நல்லது.

எப்போது தயார் என்று கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். தண்ணீர் கசிந்தால் இன்னும் நேரம் ஆகவில்லை. விரல் பதிந்து, சேறு ஒட்டாமல் வந்தால் இதுதான் நேரம். நகம் மட்டும் கீறினால் கடந்துவிட்டது. மூன்று நிலையிலும் ஒரே பையனை ஒரே வேகத்தில் ஆறு ஆறு பந்து போடச் சொல்லுங்கள். பந்து பட்ட தடத்தைப் பிள்ளைகள் குனிந்து பார்க்கட்டும். முதல் நிலையில் நீளமான வழுக்கல் தடம், இரண்டாவதில் பிறை மாதிரி வெட்டிய பள்ளம், மூன்றாவதில் வெறும் சிவப்புப் பொட்டு. அண்டர்வுட்டைப் பற்றி மேடையில் அரை மணி நேரம் பேசுவதை அந்த மூன்று தடமும் பேசிவிடும்.

மட்டை பிடிக்கிறவர் பெரியவராக இருக்கட்டும், ஹெல்மெட்டும் கையுறையும் கட்டாயம். இந்தத் தளத்தில் நல்ல அளவில் விழுந்த பந்தே முகத்துக்கு எழும்பும். ஓவல் படத்தைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளை மட்டைக்கு மிக அருகே, சில்லி பாயிண்டில் நிறுத்தி வைக்காதீர்கள்.

காற்றில் பந்து பதில்:

எல்லாம் சரி, ஒன்றில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. 14 வயதுப் பையனுக்குத் தட்டையாகப் போடுவதை முதல் பாடமாக வைக்க வேண்டாம். அந்த வயதில் பந்தைக் கண்மட்டத்துக்கு மேலே தூக்கி, விரலால் முறுக்கிச் சுழற்றப் பழகாதவன் பிறகு பழகுவதில்லை. வேகமாகப் போட்டால் உள்ளூர் ஆட்டத்தில் உடனே விக்கெட் கிடைக்கும், பையன் அதிலேயே தங்கிவிடுவான். அண்டர்வுட்டையே கடினமான உலர் களங்களில் பந்தைத் தூக்கிப் போடச் சொல்லிப் பலர் கேட்டதுண்டு. அவர் தம் வழியை விட்டு அதிகம் விலகவில்லை. அவருக்கு அது பொருந்தியது, ஏனென்றால் அவர் வளர்ந்த காலத்தில் இங்கிலாந்துக் கவுன்டி ஆட்டங்களில் களத்தை மூடாமல் விடுவார்கள். 1981-க்குப் பிறகு மூடத் தொடங்கிவிட்டார்கள். இன்றைக்கு இந்தப் பிள்ளைகள் ஆடப் போவது மேட்டிங்கிலும் மூடி வைத்த புல் களத்திலும்தான்.

இடக்கைச் சுழல் பதில்:

நியாயமான பேச்சு. ஆனால் மேட்டிங்கைப் பற்றிச் சொன்னதை ஏற்க மாட்டேன். கட்டர் பந்துக்கு மேட்டிங் மாதிரி இடம் கிடையாது. 1956-இல் கராச்சியில் மேட்டிங்கின் மேல் பாகிஸ்தானின் ஃபசல் மஹ்மூத் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 114 ரன் கொடுத்து 13 விக்கெட் எடுத்தது விரல் வெட்டால்தான். தையல் கயிற்று இழையில் பிடிக்கும், வேகமும் குறையாது. ஆகவே இரண்டையும் கற்றுக் கொடுக்கலாம். 36 பந்தில் முதல் 18 தூக்கிப் போடட்டும், ஒரு ஆள் உயரத்தில் கயிறு கட்டி அதன் மேலே போக வேண்டும் என்று விதி வையுங்கள். அடுத்த 18 அண்டர்வுட் வேகத்தில், கயிற்றுக்குக் கீழே. கட்டம் மட்டும் முதல் பாதிக்கு ஸ்டம்பை நோக்கி ஒரு மீட்டர் நகரட்டும்.

சிப்புட் திடல் மறுபடி கேட்டது:

எல்லாருக்கும் நன்றி. புற்றுமண்ணுக்குச் சொல்லிவைத்துவிட்டேன், நேரத்தையும் காலைக்கு மாற்றுகிறோம். இன்னும் ஒரு கேள்வி. அவர் தென்னாப்பிரிக்காவுக்குப் போய் ஆடியதைப் பற்றி ஒரு பெரியவர் கேட்டார். பிள்ளைகள் முன்னால் அதைப் பேசுவதா, விட்டுவிடுவதா?

ஸ்கோர்புக் பதில்:

பேசுங்கள் அண்ணே. இறந்தவரைப் பற்றிக் குறை சொல்லக் கூடாது என்று அதை மறைத்தால், பிள்ளைகள் நாளைக்குக் கைத்தொலைபேசியில் தேடிப் பார்த்துவிட்டு நம் பேச்சு முழுவதையும் சந்தேகப்படுவார்கள்.

நடந்தது இது. 1977-இல் ஆஸ்திரேலியத் தொலைக்காட்சி முதலாளி கெர்ரி பேக்கர் தனியாக நடத்திய உலகத் தொடர் ஆட்டங்களுக்குப் போனார், அதனால் இரண்டு வருடத்துக்கு மேல் டெஸ்ட் ஆடவில்லை. அது பணமும் தொழிலும் சம்பந்தப்பட்ட வழக்கு, அன்றைய ஆட்டக்காரர்களுக்கு எவ்வளவு குறைவாகக் கொடுத்தார்கள் என்று பார்த்தால் அதைத் தவறென்று என்னால் சொல்ல முடியாது. 1982 வேறு. கொழும்பு டெஸ்ட் முடிந்த அடுத்த மாதமே, கிரஹாம் கூச் தலைமையில் தென்னாப்பிரிக்காவுக்குப் போன குழுவில் அவரும் இருந்தார். நிறவெறி அரசாங்கம் நடந்துகொண்டிருந்த காலம். போனவர்களுக்கு இங்கிலாந்து மூன்று வருடத் தடை போட்டது. 297-இல் நின்றுபோனதற்கு அது ஒரு காரணம். இங்கிலாந்து வேகப்பந்துக்காரர் ஃபிரெட் ட்ரூமனின் 307-க்குப் பத்து விக்கெட்தான் குறைவு.

இதை 1968 ஓவலோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். அன்று ஜார்மனை போல்டாக்கி அண்டர்வுட்டுக்கு வழி திறந்துவிட்ட டொலிவெரா, கேப் டவுனில் பிறந்து, நிறத்தின் காரணமாகச் சொந்த நாட்டுக்கு ஆட முடியாமல் இங்கிலாந்துக்கு வந்தவர். அதே டெஸ்ட்டில் 158 ரன் எடுத்தார். அப்படியிருந்தும் தென்னாப்பிரிக்கப் பயணத்துக்கு முதலில் அவரைச் சேர்க்கவில்லை. ஒருவர் காயத்தால் விலகிய பிறகு சேர்த்தார்கள். தென்னாப்பிரிக்கப் பிரதமர் ஃபோர்ஸ்டர் அவரை ஏற்க மறுத்தார், பயணமே ரத்தானது. அந்தத் தோழர் பட்ட பாட்டைப் பக்கத்தில் நின்று பார்த்த அண்டர்வுட், 14 வருடம் கழித்து அங்கே ஆடப் போனது சரியில்லை என்பது என் கருத்து. நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு இதில் தெரிய வேண்டியது இன்னொன்றும் உண்டு. 1960-இல் காமன்வெல்த் பிரதமர்கள் மாநாட்டில் நிறவெறியை எழுப்பிப் பேசியவர் நம் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான். அடுத்த ஆண்டே தென்னாப்பிரிக்கா காமன்வெல்த்தை விட்டுப் போனது.

இதைச் சொல்வதால் பந்துவீச்சின் மதிப்பு குறையாது. பிற்பாடு கெண்ட் கிளப்புக்கு 2006-இல் தலைவர், 2008-09-இல் லார்ட்ஸ் திடலின் எம்சிசி கிளப்புக்குத் தலைவர் என்று மரியாதையோடு வாழ்ந்தார். 1987 வரைக்கும் ஒரே கவுன்டிக்கு, கெண்ட்டுக்கு மட்டும் ஆடினார். பிள்ளைகளைச் சிரிக்க வைக்க ஒன்று: மட்டையில் டெஸ்ட்டில் ஒரு அரைசதம்கூட அவருக்கு இல்லை. ஆனால் 1984-இல் ஹேஸ்டிங்ஸில் சசெக்ஸுக்கு எதிராக நைட் வாட்ச்மேனாக, அதாவது நாள் முடியும் நேரத்தில் நல்ல ஆட்டக்காரரைக் காக்க முன்கூட்டி அனுப்பப்படுபவராக இறங்கி, 39 வயதில், முதல்தர ஆட்டத்தில் தம் ஒரே சதத்தை எடுத்தார், 111. கடைசி வரிசைப் பையன்கள் யாராவது கவசம் கட்டச் சோம்பல்பட்டால் இதைச் சொல்லுங்கள்.

மேட்டிங் ஆணி பதில்:

முடிவாக இரண்டு காரியம். மண் தளம் அன்றைக்கு மட்டும்தான். வேலை முடிந்ததும் தடங்களில் தண்ணீர் தெளித்து, சலித்த மண் தூவி, மறுநாள் காலை உருட்டி மூடினால் அடுத்த வாரமும் உதவும். அப்படியே விட்டால் ஒரே மழையில் பள்ளமெல்லாம் கிண்ணமாகிவிடும்.

குறிப் பயிற்சிக்கு விரிப்பை இழுத்துக் கட்டும்போது ஒரு முனையை முழுக்கப் பூட்டிவிட்டு, மறுமுனையை நான்கு பேர் இழுத்துப் பிடித்துக்கொண்டு பூட்டுங்கள். பக்கங்களை நடுவிலிருந்து தொடங்கி இடம், வலம் என்று மாற்றி மாற்றிப் போங்கள். ஒரு பக்கத்தை முழுக்க முடித்துவிட்டு மறுபக்கம் வந்தால் நடுவில் அலை நிற்கும், இடக்கைச் சுழல் சொன்ன 4.5 மீட்டர் கட்டத்திலேயே அது விழும். பந்துவீச்சாளர் காலடி படும் ஓரத்தில் ஆணித்தலை எதுவும் மேலே துருத்தியிருக்கக் கூடாது. இடி கேட்டால் எல்லாரையும் திடலை விட்டு மண்டபத்துக்குள் அனுப்புங்கள், கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் ஆகும் வரை யாரும் திரும்ப வேண்டாம். செம்பனை மரத்தடியில் ஒதுங்க விடாதீர்கள்.